வாள்பள்ளியும் நான் எழுதிய மன்னிப்பும்

1

இத்தால் ஊரிலுள்ள நண்பர்களுக்கு அறியத் தருவது யாதெனில்: பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்து, கறை படியாத சேவைக் கோவையோடும் முழு ஓய்வூதியத்தோடும் விலகிய நான், இங்கே ரொறன்ரோவில் ஒரு கார்ட்டூன் தொடரின் ரசிகனாகக் காலம் கழிக்கிறேன். எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். அதன் மானத்தை நான் காப்பாற்ற வேண்டும். தொடரின் பெயரையும் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது தேடிப் பார்த்துவிடுவீர்கள், பிறகு என் மானத்தைக் காப்பாற்ற ஆள் இருக்காது.

ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில், "சேர் அங்க என்னா செய்றாரு?" என்று கேட்டால், என் மனைவி ரெஜினா, "எந்நேரமும் வாசிச்சிக்கிட்டே இருக்காருங்க" என்று சொல்லிவிடுவாள். மறைக்க வேண்டியதை மறைக்கத் தெரிந்தவள். உண்மை என்னவென்றால், நான் பொது நூலகத்தின் பிள்ளைகள் பகுதியில், முழங்கால் உயரத் தட்டுக்கு முன்னால் குனிந்து நின்று டிவிடி தேடிக்கொண்டிருப்பேன். அங்கே வேலை செய்யும் பெண் ஒவ்வொரு தடவையும், "பேரப்பிள்ளைக்கா?" என்று அன்போடு கேட்பார். "ஆம்" என்பேன். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

நாங்கள் தொண்ணூறுகளின் கடைசியில் இங்கு வந்தோம். மகள் ஷாமினிக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. மருமகன் ரவி யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வங்கி வேலையாக வந்து, குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையையும் எங்கள் மகளையும் தேடிக்கொண்டவர். இங்கே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கிறார். இருவருக்கும் சனிக்கிழமையும் வேலை. ரெஜினாவுக்குத் தேவாலயத்தில் பாடற்குழு. ஆகவே சனிக்கிழமை காலைகளில் பேத்தி ஜெனியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது. பொறுப்பு என்னிடம் இருந்தாலும் ரிமோட் அவளிடம் இருந்தது. அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை அரசாங்க சேவையில் இருந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

2

அவள் பார்த்த அந்த ஜப்பானியத் தொடரில், மலை உச்சியில் ஒரு பள்ளிக்கூடம். எந்நேரமும் பனிமூட்டம். படிக்கிற பிள்ளைகள் எல்லோருடைய இடுப்பிலும் நுனி மழுங்கிய நீண்ட வாள். அங்கே எந்தப் பிணக்கும், வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதது முதல் தகப்பனைக் கொன்றது வரை, வாள்சண்டையால்தான் தீர்க்கப்பட வேண்டும். முற்றத்தில் சுண்ணாம்பால் வட்டம் கீறியிருக்கும். வட்டத்துக்கு வெளியே கால் வைத்தவர் தோற்றவர்.

முதல் சனிக்கிழமை நான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது கண்ணாடி போட்ட ஒரு பையன் தடித்த புத்தகத்தோடு முற்றத்துக்கு வந்து விதிகளை வாசித்தான். சவால் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவர் இருக்க வேண்டும். சண்டை போடுபவர் களத்தில் வாய் திறக்கக்கூடாது. அவருக்காகத் துணைவரே பேசுவார். துணைவரை எந்த நேரத்திலும் விடுவிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு தனக்காகத் தானே பேச வேண்டும். விடுவிக்கப்பட்டவர் உடனே களத்தை விட்டுப் போக வேண்டும். துணைவர் இல்லாத சண்டை செல்லாது.

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். எங்கள் அமைச்சிலிருந்து வந்த எந்தச் சுற்றறிக்கையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ரசிகன் என்றாலும் கண்ணை மூடிய ரசிகன் அல்ல. குறைகள் நிறைய உண்டு. இந்தப் பள்ளியில் யாரும் பரீட்சை எழுதுவதாகத் தெரியவில்லை. பள்ளி அதிபரின் கை மட்டும்தான் காட்டப்படும்; நான் படித்த பள்ளி அதிபரின் கையும் அப்படித்தான் அடிக்கடி தென்படும், ஆனால் அதில் பிரம்பு இருக்கும். மாணவத் தலைவனுடைய முடி ஒரு கண்ணை முழுதாக மூடுகிறது. பதுளையில் நான் விடுதியில் தங்கிப் படித்த பள்ளி என்றால் வாசற்படியிலேயே கத்தரித்திருப்பார்கள். இந்தப் பிள்ளைகள் சண்டைக்கு முன்னும் பின்னும் சளைக்காமல் தேநீர் குடிக்கிறார்கள். மலை இருக்கிறது, பனி இருக்கிறது, தேநீர் இருக்கிறது. கொழுந்து பறிக்க மட்டும் ஒருவரும் இல்லை. கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்தவன் கண்ணுக்கு இது தப்பாது.

பனியை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஹப்புத்தளைப் பக்கம் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கொண்டக்டர் இறங்கி முன்னால் நடந்து சாரதிக்கு வழி காட்டும் பனியில் நான் பயணம் செய்திருக்கிறேன். ஜப்பான்காரர் வரைந்த பனி அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

இன்னொன்று, நேரம். ஒரு பையன் பாய்வதற்காகத் தரையிலிருந்து காலைத் தூக்கினான். அந்தரத்தில் நின்றபடியே தன் குழந்தைப் பருவத்தை நினைத்தான், எதிரியின் குழந்தைப் பருவத்தையும் நினைத்தான், காற்றடித்தது, தலைமுடி பறந்தது. அடுத்த சனிக்கிழமைதான் கால் தரையில் பட்டது. ரவி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "இதென்ன மாமா, ஒரு அலுவலும் நடக்குதில்லை" என்றார். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திராத இளைஞர். ஒரு கோவை அந்தரத்தில் எவ்வளவு காலம் நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஜெனி என்னை அடிக்கடி பரிசோதிப்பாள்.

"தாத்தாக்கு யாரப் புடிக்கும்?"

"அந்தக் கண்ணாடிப் பையன."

"ஐயோ, அவன் ஃபைட்டே பண்ண மாட்டான். சும்மா ரூல்ஸ் வாசிக்கிறவன்."

"அதாம்மா புடிச்சிருக்கு."

"அவன யாருக்குமே புடிக்காது தாத்தா."

"தெரியும்" என்றேன்.

3

பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். ஜெனிக்குப் பன்னிரண்டு வயதானபோது அறைக் கதவு சாத்தப்பட்டது. அதே தொடரை அவள் கணினியில் ஜப்பானிய மொழியில், கீழே ஆங்கில எழுத்து ஓட ஓடப் பார்க்கத் தொடங்கினாள். நான் பார்ப்பது ஆங்கிலக் குரல் கொடுத்தது, அது குழந்தைகளுக்கானதாம். எழுத்து ஓடும் வேகத்துக்கு என் கண்ணாடி ஈடுகொடுக்கவில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பாகப் பிரிந்தோம். நான் கீழ்வகுப்பில் நின்றுவிட்டேன்.

அவள் தமிழும் இரண்டு வகுப்புத்தான். தகப்பன் 'கதைக்கிறது' என்பார், தாய் 'பேசுறது' என்பாள். பிள்ளை யாருடைய மனமும் நோகாமல், "சும்மா கதைச்சுப் பேசாதீங்க தாத்தா" என்பாள். தாய்வழிப் பாட்டனை 'அம்மப்பா' என்று கூப்பிட வேண்டும் என்று ரவி சில காலம் பாடம் நடத்தினார். அவள் 'தாத்தா'விலேயே நின்றாள். மலைநாட்டுக்குக் கிடைத்த வெற்றிகளில் நானறிந்த ஒன்று அது.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் வாள்வீச்சு அணியில் சேர்ந்தாள். இங்கே அது பள்ளி விளையாட்டு. வெள்ளை உடுப்பு, கையுறை, கம்பி வலை போட்ட முகமூடி. ஷாமினிக்குப் பயம். "பொம்பளப் புள்ள, கண்ணு கிண்ணு போயிறப் போவுது" என்றாள். ரெஜினா, "எல்லாம் இந்த மனுசன் பார்க்க வச்ச படத்தால வந்தது" என்றாள். நான் மறுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் யார் மனதிலும் எதையும் விதைத்ததாக அதுவரை ஒருவரும் குற்றம் சாட்டியதில்லை.

ஜெனிக்கு வேறு எதிலும் அவ்வளவு பிடிப்பு இல்லை. கணக்கில் சுமார், பாட்டில் சுமார், தேவாலயத்தில் தூக்கம். வாளைப் பிடித்தால் மட்டும் நிமிர்ந்து நிற்பாள். அவளுக்கு இருந்தது அந்த அணி ஒன்றுதான் என்று இப்போது சொல்லலாம். அன்று நாங்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை.

4

போன மாரியின் தொடக்கத்தில் நடந்தது இது. போட்டிக்கு அணியில் மூன்று பேர் போகலாம்; மூன்றாவது இடத்துக்கு ஜெனியும் நிக்கோல் என்ற பிள்ளையும் சமநிலை. இருவரும் அந்தத் தொடரின் ரசிகைகள். பயிற்சியாளர் முடிவு சொல்லும்வரை பொறுக்காமல், ஒருநாள் பள்ளி விட்ட பிறகு, உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னால் தாங்களே தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். தொடரில் யாரும் முகமூடி போடுவதில்லை. இவர்களும் போடவில்லை. ஜெனியின் வாள் நிக்கோலின் கன்னத்தைக் கீறிவிட்டது. கண்ணுக்குக் கீழே, ஒரு விரல் அகலம் தள்ளி.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்த இரவு சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கூடினோம். நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"துணைவர் யாரு?"

"யாரும் இல்ல" என்றாள் ஜெனி, தட்டைப் பார்த்தபடி.

"ரெண்டு பேருக்குமா? அப்ப நடைமுறைப்படி அந்தச் சண்டையே செல்லாதே."

ரவி கரண்டியைக் கீழே வைத்தார். "மாமா, உங்களுக்கு விசரே? பிள்ளையின்ர கண் தப்பினது பெரிய காரியம், நீங்கள் சட்டம் கதைக்கிறியள்."

"அப்பா, தயவு செஞ்சு சும்மா இருங்க" என்றாள் ஷாமினி.

விசாரணை வியாழக்கிழமை. விரும்பினால் எழுத்துமூல விளக்கம் ஒன்றை முன்கூட்டியே தரலாம் என்று பள்ளியின் அறிவித்தலில் ஒரு வரி இருந்தது. மற்றவர்கள் அந்த வரியைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். என் உடம்பில் பல வருடமாகத் தூங்கிக்கிடந்த ஏதோ ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது.

5

இதை விளங்கிக்கொள்ள எங்கள் கந்தோருக்குப் போக வேண்டும்.

அங்கே யாராவது தவறு செய்தால், அல்லது செய்ததாக யாராவது நினைத்தால், 'விளக்கம் கோரி' ஒரு கடிதம் போகும். வெளியாட்கள் அதைப் பார்த்து, விளக்கம்தான் கேட்கிறார்கள் என்று எண்ணுவார்கள். பழகியவர்களுக்குத் தெரியும், கேட்பது மன்னிப்பு. குற்றம் செய்திருந்தாலும் மன்னிப்பு, செய்யாவிட்டாலும் மன்னிப்பு. முழுப் பொறுப்பும் என்னையே சாரும், ஆழ்ந்து வருந்துகிறேன், இனி இவ்வாறு நிகழாது, தங்கள் மேலான கருணையை வேண்டி நிற்கிறேன். மேலதிகாரி ஓரத்தில் 'எச்சரித்துக் கோவைப்படுத்துக' என்று எழுதுவார். விஷயம் முடிந்தது. கோவை அலுமாரிக்குள் போகும், மனிதன் வீட்டுக்குப் போவான்.

நியாயம் பேசப் போனவர்கள்தான் கெட்டார்கள். 'நான் அதைச் செய்யவில்லை' என்று எழுதினால், பிறகு யார் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டி வரும். அது எல்லோருக்கும் வேலை.

இந்த மன்னிப்புக் கலையில் எனக்கு ஊவா மாகாணம் முழுவதும் பெயர் இருந்தது. வெலிமடையிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் பஸ் ஏறி வருவார்கள். "சேர், ஒரு மன்னிப்பு எழுதித் தாங்க" என்று, கடையில் சாமான் கேட்பது போலக் கேட்பார்கள்.

அவர்களில் சவரிமுத்து மாஸ்டரை மறக்க முடியாது. தோட்டப் பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியர். கச்சான் காற்றில் பாடசாலையின் தகரக் கூரை பறந்து, தேயிலை மலையில் போய் விழுந்துவிட்டது. புதுத் தகரம் கேட்டு எழுதினார். 'அரசாங்கச் சொத்துக்கு ஏற்பட்ட சேதம் குறித்து விளக்கம் தருக' என்று பதில் போனது.

"சேர், காத்து அடிச்சிச்சு. நான் என்னாத்த வெளக்குறது?" என்று என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மாஸ்டர், காத்துக்கு மேல நடவடிக்கை எடுக்க ஏலாது. உங்களுக்குத்தான் சம்பளக் கோவை இருக்கு."

"அதுக்காக நான் மன்னிப்புக் கேக்குறதா?"

"கூரை வேணுமா, நியாயம் வேணுமா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தார். "மழ வருதுங்க சேர். கூரையக் குடுங்க" என்றார்.

கூரை பறந்தமைக்கு ஆழ்ந்து வருந்தி, இனி இவ்வாறு நிகழாது என்று உறுதியளித்து நான் எழுதினேன். அவர் கையொப்பமிட்டார். பெரிய அதிகாரி எச்சரித்துக் கோவைப்படுத்தினார். தகரமும் வந்தது, பாதிக் கூரைக்கு.

6

ஆகவே நான் உட்கார்ந்து எழுதினேன். ஷாமினிக்கும் ரவிக்கும் வேலை, ஜெனி அறைக்குள். நல்ல ஆங்கிலம், பதுளையில் மிஷன் பாதிரியார்கள் பிரம்பால் ஊட்டிய ஆங்கிலம். மூன்று பந்திகள். ஜெனியே எழுதுவது போல, அவள் பெயரில் முழுப் பொறுப்பையும் ஏற்றேன். கீழ்ப்படியாமையை ஒப்புக்கொண்டேன். இந்தச் சவாலுக்கும் அதன் விளைவுக்கும் மூல காரணம் நானே என்று எழுதினேன்; அந்த இடத்தில் ஓசை நன்றாக விழுந்தது. கருணையை வேண்டி நின்றேன். அவள் பெயருக்குக் கீழே பாதுகாவலர் என்று கையொப்பமிட்டேன்.

புதன்கிழமை காலை பள்ளி அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும் என்றேன். மேசையிலிருந்த பெண்ணிடம் அதற்கான முத்திரை இல்லையாம். பிரதியை வாங்கி, 'கிடைத்தது!' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகமொன்றை வரைந்து தந்தார். இப்படியொரு அத்தாட்சியோடு நான் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று எண்ணியபடி, ஆனாலும் திருப்தியோடு வீடு வந்தேன். ஜெனியிடம், "எல்லாம் சரி பண்ணிட்டேன். நீ பேசாம வந்து உக்காந்தா போதும்" என்றேன்.

"என்னா பண்ணீங்க?"

"முறைப்படி செய்ய வேண்டியத."

7

வியாழக்கிழமை என்னோடு வர ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. நானும் ஜெனியும் போனோம். துணை அதிபர் என் மகளைவிட இளையவர். கழுத்தில் சாவிக்கொத்துத் தொங்கியது. பக்கத்தில் பயிற்சியாளர், தொடை மேல் கைகளை வைத்துக்கொண்டு.

துணை அதிபர் என் கடிதத்தை எடுத்து வைத்தார்.

"ஜெனி, இது இரண்டு பேரும் சேர்ந்து செய்த மடத்தனம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நிக்கோலும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் எல்லாவற்றுக்கும் மூல காரணம் நீதான் என்று இதில் எழுதியிருக்கிறாய். அது உண்மையென்றால், இந்த வருடம் உன்னை அணியில் வைத்திருக்க முடியாது."

ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கடிதத்தை அவள் கண்ணால் கண்டதே இல்லை.

"மேடம்" என்றேன். "அது வழக்கமான வாசகம். அதில் எழுதியிருப்பது நடந்தது என்று அர்த்தமில்லை."

"நடக்காததை ஏன் எழுதினீர்கள்?"

"மன்னிப்பு என்றால் அப்படித்தான் எழுதுவது." நான் நிலைமையை விளக்க வேண்டியதாயிற்று. விளக்கம் கோரும் முறையைச் சொன்னேன். சவரிமுத்து மாஸ்டரைச் சொன்னேன். கூரையைச் சொன்னேன்.

துணை அதிபர் பேனையை மூடினார். "உங்கள் ஊரில் காற்றடித்ததற்கு மனிதர்கள் மன்னிப்புக் கேட்பார்களா?"

"ஆம், மேடம். கேட்டால்தான் தகரம் வரும்."

பயிற்சியாளர் இருமினார். அது சிரிப்பை மறைக்கும் இருமல். நான் அதைப் பொருட்படுத்தாமல், முதல் தடவைக் குற்றங்கள் பற்றிய பொது நடைமுறைக்குப் போனேன். இயற்கை நீதிக் கோட்பாட்டிலும் ஒரு கால் வைத்தேன். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. துணை அதிபர் கடிதத்தை மறுபடி எடுத்தார்.

"மிக அழகாக எழுதப்பட்ட கடிதம் இது" என்றார். "ஆனால் அன்று என்ன நடந்தது என்று இதில் ஒரு சொல்கூட இல்லை."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நல்ல மன்னிப்புக் கடிதத்தின் இலக்கணமே அதுதான். நன்றி சொல்லக்கூட வாய் எடுத்தேன்.

"தாத்தா" என்றாள் ஜெனி.

அவள் எழுந்து நின்றிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. ஆங்கிலத்தில், தொடரில் வரும் அதே சொற்களில், முதுகு வளையாமல் சொன்னாள்: "என் துணைவரை நான் விடுவிக்கிறேன். இனி நானே பேசுவேன்."

அந்த அறையில் அது என்னவென்று விளங்கியது இரண்டு பேருக்குத்தான். நான் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்கள் போக வேண்டியதில்லையே" என்றார் துணை அதிபர்.

"இல்லை, மேடம். போகத்தான் வேண்டும்" என்றேன்.

வெளியே நடைவழியில் இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். கதவு கண்ணாடி, உள்ளே நடப்பது தெரிந்தது, கேட்கவில்லை. அரசாங்க சேவையில் என்னை இடமாற்றினார்கள், பதவி உயர்வைத் தாமதித்தார்கள், ஆனால் ஒருவரும் பதவிநீக்கம் செய்ததில்லை. இப்படி யோசித்து என் மேல் நானே பரிதாபப்படத் தயாரானபோது, உள்ளே ஜெனி தன் வலது காலைத் தரையில் சறுக்கிக் காட்டினாள். பிறகு கையை உயர்த்தினாள். உயர்த்திய கையை இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு பேசினாள். பயிற்சியாளரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

8

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான்.

"உள்ள என்னா சொன்ன?"

"நடந்தத."

"என்னா நடந்துச்சு?" அந்த நேரம்வரை இதை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பது, கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது.

"ரெண்டு பேரும்தான் சரின்னோம். மாஸ்க் வேணாம்னும் ரெண்டு பேரும்தான் சொன்னோம். அப்புறம் அவ வழுக்கினா தாத்தா. நான் பார்த்தேன். நிப்பாட்டியிருக்கலாம். ஜெயிக்கணும் போல இருந்துச்சு. நிப்பாட்டல."

என் கடிதத்தில் எல்லாக் குற்றமும் இருந்தது. இது மட்டும் இல்லை.

"இப்ப என்னாவாம்?"

"கோச் சொன்னாரு, நிக்கோல் திருப்பியும் என்னோட விளையாட ஓகேன்னா நான் டீம்ல இருக்கலாம். இல்லேன்னா இல்ல. அவளுக்கு லெட்டர் எழுதணும்." வெளியே பார்த்தபடியே சேர்த்துச் சொன்னாள்: "நான் எழுதணும்."

வீட்டில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். ரெஜினா தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்து, "இந்தாங்க, குடிங்க. வாயத் தொறக்காதீங்க" என்றாள். இரண்டும் ஒரே நேரத்தில் செய்ய முடியாத காரியம் என்று சொல்ல நினைத்தேன். ஒரு மிடறு குடித்தேன்.

ஜெனி ஒரு தாளைக் கசக்கிப் போட்டாள். இன்னொன்றை. என் வாய்க்குள் நல்ல நல்ல வாசகங்கள் வரிசையில் நின்றன. தேநீரால் அவற்றை உள்ளே தள்ளினேன். கடைசியில் பேனையை வைத்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'நீ வழுக்கியதை நான் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். ஜெயிக்க ஆசைப்பட்டேன், அதனால் நிறுத்தவில்லை. மன்னித்துக்கொள். முகம் இன்னும் நோகிறதா?'

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான் தாத்தா நடந்துச்சு."

"உறை ஒண்ணு தரட்டுமா?"

"வேணாம். கையில குடுக்கப்போறேன்."

மறுநாள் பின்னேரம் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ரெஜினாவும் அடுப்படியை விட்டுவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். ஜெனி சப்பாத்தைக் கழற்றும்வரை பொறுத்திருந்தோம். பொறுக்க முடியாமல் போனது ரெஜினாவுக்குத்தான்.

"என்னாடி சொன்னா அந்தப் புள்ள?"

"வாசிச்சா. திருப்பியும் வாசிச்சா. கொஞ்சம் நோகுதுன்னா."

"அப்புறம்?"

"புதன்கிழம பிராக்டிஸ் இருக்கு, வா. மாஸ்க் போட்டுக்கிட்டு வான்னா."

"சிரிச்சாளா?"

"இல்ல பாட்டி" என்று சொல்லிவிட்டு ஜெனி அறைக்குள் போனாள். கதவு பாதி திறந்தபடியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுடைய முகமூடியைத் தேடி எடுத்து, கம்பி வலையின் இடுக்குகளை ஈரத்துணியால் துடைத்துக் காய வைத்தேன். புதன்கிழமை காலை அவள் அதை எடுத்தாள், உள்ளே மோந்து பார்த்தாள், பட்டியை இழுத்துப் பார்த்தாள். பையில் வைக்கவில்லை. தலையில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பனி கொட்டிய தெருவில், வேலைக்குப் போகிறவர்கள் விலகி வழிவிட, பஸ் தரிப்பிடம்வரை அவள் அதைக் கழற்றவே இல்லை.